முறையாக எழுதுக

ஒரு செயலின் முடிவு செவ்விதாய் அமைந்தாற் போதும். அஃது எவ்வாறு செய்யப்பட்டது என ஆராய வேண்டுவதில்லை என்பர் சிலர். எழுத்துப் பயிற்சியிலும் இக்கருத்து நுழைந்துள்ளது. வடிவம் பிழையின்றி இருக்கும்போது எந்தக் கோட்டை முதலில் இழுத்தால் என்ன என்று அவர் வினவுவர். இவ்வினாவிற்குச் சீன எழுத்து தக்க விடை தருகின்றது.

சீன எழுத்து ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு சொல்லையோ, சொல்லின் பொருளுடைய பகுதியையோ குறிப்பது. ஆதலின் அம்மொழியில் எழுத்துக்கள் மிகப் பல. 1716-ஆம் ஆண்டில் வெளிவந்த காங்சி அகராதியில் 47,000-க்கும் மேற்பட்ட எழுத்துக்கள் உள்ளன. 2013-இல் சீன அரசு வெளியிட்ட பொது வழக்கு எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துக்கள் உண்டு. இவற்றைப் படம் வரைவது போலப் பார்த்துப் பார்த்து எழுதப் புகுந்தால் நினைவு தளர்ந்துவிடும். அந்நினைவிற்கு ஊன்றுகோலாக நிலைபெற்றதே கோட்டு முறை.

எழுதுகோல் தாளைத் தொட்டது முதல் அதனைவிட்டு நீங்கும் வரை நிகழும் இழுப்பே ஒரு கோடு எனப்படும். மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் எழுதுதல் வேண்டும். கிடைக்கோடும் நெடுங்கோடும் ஒன்றையொன்று வெட்டுமிடத்துக் கிடைக்கோட்டை முன்னர் இடுதல் பொதுவிதி. ‘நாடு’ என்னும் பொருளுடைய எழுத்தில் நாற்புறமும் மதில் போன்ற கோடுகள் சூழ்ந்துள்ளன. மதிலின் மூன்று புறங்களை முதலில் எழுதுவர். பின்னர் உள்ளுறுப்பை நிரப்புவர். அதன் பின்னரே அடிக்கோட்டால் அடைப்பர். ஆள் உள்ளே புகுமுன் கதவை அடைப்பார் உண்டோ?

‘வாய்’ என்பதைக் குறிக்கும் எழுத்து ஒரு சிறு கட்டம். காண்பவர் அதில் நான்கு கோடுகள் உள என்பர். முறையறிந்தவர் மூன்றே என்பர். மேற்கோட்டையும் வலக்கோட்டையும் கையெடாமல் மடக்கி ஒன்றாக எழுதுவதே அதற்குக் காரணம். இவ்வேறுபாடு சிறிதன்று. காங்சி அகராதி எழுத்துக்களை 214 தலையுறுப்புக்களின் கீழ்ப் பகுத்து, எஞ்சிய கோடுகளின் எண்ணிக்கைப்படி அடுக்கியுள்ளது. கோடுகளை எண்ணத் தவறியவன் அதில் தான் தேடும் எழுத்தை எளிதிற் காணான்.

விரைந்து எழுதுங்கால் கோடுகள் ஒன்றோடொன்று இணைந்து ஓடும். எழுதுவோனும் படிப்போனும் ஒரே வரிசையை அறிந்திருந்தாலன்றி அவ்விணைப்பு விளங்காது. எனவே, முறை எழுதுவோனுக்கு மட்டும் உரியதன்று, படிப்போனுக்கும் உரியது.

முறை நாட்டுக்கு நாடு மாறுகின்றதே எனின், உண்மையே. ‘அரசன்’ என்னும் எழுத்தில் கிடைக்கோடுகள் மூன்று, நெடுங்கோடு ஒன்று. சீனர் இரண்டு கிடைக்கோடுகளை இட்ட பின்னர் நெடுங்கோட்டை இழுப்பர். ஜப்பானியர் முதற் கிடைக்கோட்டை அடுத்தே அதனை இழுப்பர். இருவருள் எவரும் பிழை செய்தவரல்லர். சாலையில் இடப்புறம் செல்வதும் வலப்புறம் செல்வதும் நாட்டுக்கு நாடு வேறுபடும். அதனால் ஒரே சாலையில் ஆளுக்கொரு புறம் செல்லலாமோ?

இக்காலத்தில் இம்முறைக்கு வேறோர் இடர் நேர்ந்துள்ளது. சீனருள் பெரும்பாலோர் கணிப்பொறியிலும் கைபேசியிலும் சொல்லின் ஒலியை உரோமன் எழுத்தால் தட்டுகின்றனர். கருவி காட்டும் எழுத்துக்களுள் ஒன்றைத் தேர்கின்றனர். கண்ணுக்கு வேலை உண்டு, கைக்கு இல்லை. ‘எழுதுகோலை எடுத்ததும் எழுத்து மறந்தது’ எனப் பொருள்படும் தொடர் அந்நாட்டில் வழங்குகின்றது. கற்றவரும் அந்நிலைக்கு ஆளாகின்றனர். இந்நிலையிலும் 8,105 எழுத்துக்களுக்கும் கோட்டு வரிசையை வரையறுத்த அரசின் நெறிமுறை 2021 மார்ச்சில் அங்கு நடைமுறைக்கு வந்தது. இது போற்றத்தக்க செயல் என்பதே என் கருத்து.

ஆயினும் விதியை மட்டும் ஓதி, காரணத்தை மறைத்தல் நன்றன்று. காரணம் கூறாத பயிற்சி சிறுவர்க்குச் சுமையாகும். காரணம் உணர்ந்த கை தானே முறைப்படி நடக்கும்.

மாணவர்களே! புதியதொரு மொழியின் எழுத்தைக் கற்கும்போது வடிவத்தோடு வரிசையையும் கேட்டறியுங்கள். தொடக்கத்தில் அது காலத்தைக் கவர்வதாகத் தோன்றும். முதல் நூறு எழுத்துக்களை முறைப்படி எழுதிப் பழகியவனுக்கு அடுத்த ஆயிரம் எழுத்துக்கள் எளியவாகும். முறையின்றித் தொடங்கியவனோ ஒவ்வோர் எழுத்தையும் புதிதாகவே தொடங்க வேண்டியிருக்கும்.