முகவர் வேலைத்தளங்களும் தோட்டப்புற லொறி உரிமையாளர்களின் அவலமும்

வாகன இறக்குமதிக்கு 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட தடை கட்டம் கட்டமாகத் தளர்த்தப்பட்டு, 2025 பெப்ரவரி முதல் புதிய வாகனங்கள் மீண்டும் பரவலாக நாட்டுக்குள் வரத் தொடங்கின. விற்பனைக் காட்சியறைகள் மீண்டும் களைகட்டின. எவ்வளவு வரி, எத்தனை வாகனங்கள், அந்நியச் செலாவணி எவ்வளவு வெளியேறும் என்பன குறித்துப் பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் போதுமான அளவு பேசப்பட்டுவிட்டது. ஆனால், விற்ற வாகனத்தைப் பழுதுபார்த்துக் கொடுக்கவேண்டிய முகவர் நிறுவனங்களின் வேலைத்தளங்கள் எந்த இலட்சணத்தில் இயங்குகின்றன என்பது குறித்து எவரும் வாய் திறப்பதாக இல்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறங்களில் லொறி வைத்துப் பிழைப்பு நடத்துவோரிடம் சற்றுப் பேச்சுக் கொடுத்தால், இந்த மௌனத்தின் விலை என்னவென்பது விளங்கும்.

இப்பிரதேசத்தில் லொறிக்குள்ள முக்கியத்துவம் ஏனைய இடங்களைப் போன்றதல்ல. ஒரு காலத்தில் களனிவெளி சிறுபாதை ரயில் இங்கு ஓடியது. அது 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓபநாயக்கவையும் எட்டியது. தேயிலைப் பெட்டிகளும் இறப்பர்ப் பொதிகளும் அதிலேயே கொழும்புக்குச் சென்றன. எட்டியாந்தோட்டைக் கிளைப்பாதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 1942இல் மூடப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் ஓபநாயக்க வரை சென்ற பாதையும் இலாபமில்லை என்ற காரணத்தால் 1970களில் கைவிடப்பட்டது. அவிசாவளை வரையுமான பாதை மாத்திரமே பின்னர் அகலப் பாதையாக்கப்பட்டது. ஆகவே சப்ரகமுவவின் மலைச்சரிவுகளில் விளையும் கொழுந்தும் இறப்பர்ப் பாலும், அங்கு வாழும் மக்களுக்குரிய அரிசியும் மாவும் உரமும் அரை நூற்றாண்டாக லொறிகளையே நம்பியிருக்கின்றன. பொருட்கள் மட்டுமா? அம்புலன்ஸ் ஏறமுடியாத தோட்டப் பாதைகளில் பிரசவ வேதனையில் துடிக்கும் தாயை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதும், இறந்தவரின் உடலை வீட்டுக்குக் கொண்டுவருவதும் பல இடங்களில் இன்னமும் அதே லொறிதான்.

பறித்த கொழுந்து காத்திருக்காது. சாக்கில் அடைத்த சில மணிநேரத்திலேயே அது சூடேறிச் சிவக்கத் தொடங்கிவிடும். சிவந்த கொழுந்தைத் தொழிற்சாலை கழிவென்று கழித்துவிடும் அல்லது குறைந்த விலைக்கே எடுக்கும். இந்நாட்டின் தேயிலை உற்பத்தியில் பெரும்பங்கு இப்போது சிறுதோட்ட உரிமையாளர்களுடையது என்பதையும், அவர்களிற் பலர் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நிலத்தை மட்டும் வைத்திருப்பவர்கள் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. இறக்குவானையிலோ தெரணியகலையிலோ கொழுந்து சேகரிக்கும் ஒரு லொறி நான்கு நாட்கள் வேலைத்தளத்தில் நிற்குமானால், அந்த நான்கு நாட்களின் நட்டம் லொறிக்காரருடன் நின்றுவிடுவதில்லை. அந்த லொறியை எதிர்பார்த்து வீதியோரத்தில் சாக்குகளை அடுக்கி வைத்திருக்கும் அத்தனை குடும்பங்களின் அடுப்பையும் அது பாதிக்கின்றது.

அவ்வாறு லொறி நிற்கும்போது நடப்பதென்ன? லொறி உரிமையாளர்கள் கூறும் கதைகள் ஊருக்கு ஊர் வேறுபட்டாலும் அவற்றின் சாரம் ஒன்றேயாகும். பாரம் ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் ஏறும்போது இயந்திரம் இழுவையை இழக்கின்றது, சில வேளைகளில் எச்சரிக்கை விளக்கு எரிந்து வேகம் தானாகக் குறைந்துவிடுகிறது. உரிமையாளர் ஒருநாள் வருமானத்தை விட்டுவிட்டு, டீசலையும் செலவழித்து, வெற்று லொறியை முகவரின் வேலைத்தளத்துக்குக் கொண்டு செல்கிறார். வரவேற்பு மேசையிலுள்ள அலுவலர் அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வேலை அட்டையில் ஒற்றை வரி எழுதுகிறார். பழுதுபார்ப்பவர் உரிமையாளரைக் காண்பதே இல்லை. அந்த ஒற்றை வரியை மாத்திரமே அவர் காண்கிறார். லொறி சமதரையில், பாரமின்றி, வேலைத்தள வளவுக்குள் ஓட்டிப் பார்க்கப்படுகிறது. கோளாறு எதுவும் தென்படவில்லை என்று பற்றுச்சீட்டு வருகிறது. கணினியைப் பொருத்திச் சோதித்ததற்கான கட்டணமும் அதில் அடங்கும். திரும்பி வந்து கொழுந்தை ஏற்றி முதல் ஏற்றத்தைத் தொட்டதும் பழைய குருடி கதவைத் திறடி என்ற கதைதான்.

இதில் மர்மம் எதுவும் இல்லை. இன்றைய டீசல் இயந்திரங்களில் எரிபொருள் மிக உயர்ந்த அழுத்தத்தில் ஒரு பொதுக்குழாயில் தேக்கப்பட்டு, கணினியின் கட்டளைப்படி உட்செலுத்தப்படுகிறது. எரிபொருள் வடிகட்டியில் அடைப்பு இருந்தால், வெற்று லொறி சமதரையில் ஓடுவதற்கு அது தடையாகாது. பாரத்துடன் ஏற்றம் ஏறும்போதுதான் அதிக எரிபொருள் தேவைப்படும். அப்போதுதான் குழாயில் அழுத்தம் வீழும், இயந்திரத்தைக் காப்பதற்காகக் கணினி வேகத்தைக் குறைக்கும். காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் குழாயிலுள்ள சிறிய வெடிப்பும் அப்படித்தான், பாரம் ஏறினால்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். எனவே மலைநாட்டு லொறியை மலையில், பாரத்துடன் சோதிக்காமல் கோளாறில்லை என்று எழுதிக் கொடுப்பது, நோயாளியைத் தொட்டுப் பார்க்காமலே சுகதேகி எனச் சான்றிதழ் வழங்குவதற்கு ஒப்பானதாகும். இழுவை குறைவது வருமானத்தை மாத்திரமே பாதிக்கும். தடுப்பு விடயத்தில் இதே அசிரத்தை காட்டப்பட்டால், கடுகண்ணாவை இறக்கத்திலோ பலாங்கொடைக்கு அப்பாலுள்ள வளைவுகளிலோ அதன் விளைவு உயிரிழப்பாக இருக்கும்.

பழுது கண்டுபிடிக்கப்பட்டாலும் துன்பம் முடிந்தபாடில்லை. உதிரிப்பாகம் கையிருப்பில் இல்லை, இந்தியாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வரவேண்டும் என்ற பதில் வருகிறது. ஒரு சிறு உணரி பழுதானால் அதைத் தனியே தராமல் முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்கிறார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் ஓரிரு மாதங்களில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்த பின்னர், இவ்வாறான தொகுதிகளின் விலை சாதாரண லொறிக்காரரின் கைக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றுவிட்டது. இத்தனைக்கும் மத்தியில் லீசிங் தவணை மாதந்தவறாமல் வந்து நிற்கும். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று பெயர் எழுதிக்கொண்டுள்ள நிதி நிறுவனம், தவணை தவறினால் வாகனத்தைக் கையகப்படுத்த ஆள் அனுப்புகிறதே தவிர, அந்த வாகனம் ஏன் வேலைத்தளத்திலேயே கிடக்கிறதென்று முகவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

வட்டியைத் தவிர்த்து இஜாரா முறையில் லொறி பெற்ற முஸ்லிம் சகோதரர்கள் இவ்விடத்தில் ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். இஜாரா என்பது வாடகை ஏற்பாடு. பொருளின் உரிமை நிதி நிறுவனத்திடமே இருப்பதால், அதனைப் பயன்படுத்தத்தக்க நிலையில் வைத்திருப்பதற்கான அடிப்படைப் பராமரிப்புப் பொறுப்பும் அந்நிறுவனத்தையே சாரும் என்பதும், குத்தகைக்காரரின் தவறின்றிப் பயன்பாடு அற்றுப்போன காலத்துக்கு வாடகை கோரலாகாது என்பதும் இஸ்லாமிய வணிகவியல் அறிஞர்களின் பொதுவான நிலைப்பாடாகும். நடைமுறையில் கையொப்பமிடும் ஒப்பந்தத்தில் இது எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது, பொறுப்பு எவர் தலையில் கட்டப்பட்டிருக்கிறது என்பதை வாசித்துப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? வேலைத்தளத்தில் ஒப்படைக்கப்பட்ட வாகனமும் ஓர் அமானிதமே என்பதை முகவர்களுக்கு நினைவூட்டவேண்டிய நிலையும் வந்துவிட்டது. கழற்றிய பழைய பாகத்தைக் கண்ணில் காட்டாமலே புதிய பாகத்துக்குப் பணம் அறவிடும் வழக்கம் அந்த அமானிதத்துக்கு எவ்வகையிலும் பொருந்தாது.

அப்படியானால் ஊர் கராஜுக்குச் செல்லலாமே என்று சிலர் கேட்கக்கூடும். முன்னர் அதுவே வழக்கமாக இருந்தது. பழைய லேலண்ட், டாட்டா, இசுசு லொறிகளை மாவனல்லையிலோ காவத்தையிலோ உள்ள ஒரு பாஸ் காதால் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவார். பாகம் வேண்டுமானால் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஒருவரை அனுப்பினால் அன்று மாலையே கைக்கு வந்துவிடும். அந்தக் கடைகளையும் கராஜுகளையும் நடத்துவோரில் தமிழரும் முஸ்லிம்களும் கணிசமாக உள்ளனர். இன்றைய லொறியின் கணினியைத் திறக்கும் மென்பொருளோ முகவரிடம் மாத்திரமே இருக்கிறது. புதிய பாகத்தைப் பொருத்தினாலும், அதனை ஏற்றுக்கொள்ளும்படி கணினிக்குக் கட்டளையிட அந்த மென்பொருள் வேண்டும். உத்தரவாதக் காலத்தில் வெளியே கை வைத்தால் உத்தரவாதம் இரத்தாகும் என்ற அச்சுறுத்தல் வேறு. ஆக, வாகனத்தை வாங்கியவர் அதன் சொந்தக்காரராக இருந்தும், அதைத் திறந்து பார்க்கும் உரிமை மாத்திரம் அவரிடம் இல்லை.

இது இலங்கையில் மட்டுமுள்ள பிரச்சினையல்ல. ஆயினும் பிற நாடுகள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டிலேயே, தனது வேலைத்தளத்தில்தான் பராமரிக்கவேண்டும் என்பதை உத்தரவாதத்துக்கு நிபந்தனையாக்குவதை ஒரு சட்டம் பொதுவாகத் தடை செய்தது. 2012இல் மசாசூசெட்ஸ் மாநிலம், முகவர்களுக்குக் கொடுக்கும் பழுதறி தகவல்களைச் சுயாதீன கராஜுகளுக்கும் கொடுக்கவேண்டும் எனச் சட்டமியற்றியது. உழவு இயந்திரங்களின் மென்பொருளைப் பூட்டி வைத்திருப்பதாகக் கூறி, ஜோன் டியர் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2025 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது. நமக்கு மிக அருகிலுள்ள உதாரணம் இந்தியாவாகும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணைக்குழு, உதிரிப்பாகங்களையும் பழுதறி கருவிகளையும் வெளிக் கராஜுகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததாக 14 கார் உற்பத்தி நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் அபராதம் விதித்தது. டாட்டா, மஹிந்திரா, மாருதி, டொயோட்டா ஆகியன அவற்றுள் அடங்கும். பின்னர் மேன்முறையீடுகள் நடந்தன, அபராதத்தின் அளவு குறித்து நீண்ட வாதங்கள் எழுந்தன என்பது வேறு விடயம். நாம் இங்கு சுட்டிக்காட்ட விரும்புவது, கேள்வி கேட்பதற்கு அங்கு ஓர் அமைப்பு இருந்தது என்பதையே.

நமது நாட்டில் அந்த இடத்தில் இருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. சேவை வழங்கும் எவரும் உரிய கவனத்துடனும் திறனுடனும் அதனை வழங்குவதாக வாக்களித்தவராகவே கருதப்படுவார் என்று அச்சட்டம் கூறுகிறது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டியதில்லை. பழுதைச் சரியாகத் திருத்தாமல் பணம் அறவிட்டவருக்கும் இது பொருந்தும். ஆனால் அதிகார சபையின் பெயரை நாம் கேள்விப்படுவதெல்லாம் அரிசி, முட்டை, தேங்காய் ஆகியவற்றின் கட்டுப்பாட்டு விலையை மீறிய சில்லறைக் கடைக்காரர் பிடிபடும்போதுதான். பெட்டிக்கடைகளைச் சோதனையிடும் அதிகாரிகளுக்குக் குளிரூட்டப்பட்ட காட்சியறைகளின் வாசல் தெரியாமற் போனது எவ்வாறு? இதற்குச் சட்டமும் ஒரு காரணம். ஏகபோகங்களை விசாரிப்பதற்கு 1987ஆம் ஆண்டின் நியாயமான வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் இடமிருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த ஏற்பாடு விடுபட்டுப் போயிற்று. ஒரு வாகன வகைக்கு ஒரே முகவர் என்ற நிலை நிலவும் சிறிய நாட்டில் இது சாதாரண விடுபடல் அன்று.

மொழியும் சேர்ந்துகொள்கிறது. தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் அரசகரும மொழியான போதிலும், அந்தக் கடப்பாடு அரச நிறுவனங்களுக்கே உரியது. தனியார் வேலைத்தளத்தின் வேலை அட்டையும் மதிப்பீடும் உத்தரவாத நிபந்தனைகளும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தோட்டத்தில் பிறந்து, கடன்பட்டு ஒரு லொறிக்குச் சொந்தக்காரரான இளைஞர் எதற்குச் சம்மதித்துக் கையொப்பமிடுகிறார் என்பது அவருக்கே தெரிவதில்லை. பிறகு அதே கையொப்பம் அவருக்கு எதிராக நீட்டப்படுகிறது.

பழுதுபார்ப்பவர்கள் மீது மாத்திரம் பழி சுமத்துவதும் நியாயமாகாது. 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைகளுக்குச் சென்றனர். கைத்தொழில் தெரிந்தவர்கள் அவர்களுள் நிறைய இருந்தனர். எஞ்சியிருப்பவர்கள் இருவருடைய வேலையை ஒருவர் செய்கின்றனர். இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குப் பழுதுபார்ப்பவர்களைப் பயிற்றுவிக்கவென 1959இல் ஜேர்மனியின் உதவியுடன் தொடங்கப்பட்ட தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் மொரட்டுவையில் இன்றும் இயங்குகிறது. பலாங்கொடையிலிருந்து அங்கு சென்று தங்கிப் படிப்பது தோட்டப்புற மாணவருக்கு இலகுவான காரியமா? லொறிக்காரர்களும் அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுவதையும், பீப்பாயில் தேக்கிய நீர் கலந்த டீசலை ஊற்றுவதையும், மலிவான போலி வடிகட்டிகளைப் பொருத்துவதையும் கைவிட்டாக வேண்டும். முகவர்களுக்குத் தட்டிக்கழிக்கும் வாய்ப்பை அவையே கொடுக்கின்றன.

செய்யவேண்டியவை பெரும் செலவு பிடிப்பவையல்ல. வாகன இறக்குமதிக்கு அனுமதி கொடுக்கும் அரசாங்கம், குறிப்பிட்ட காலத்துக்கு உதிரிப்பாகங்களைக் கையிருப்பில் வைத்திருப்பதையும், பழுதறி மென்பொருளை நியாயமான கட்டணத்துக்கு வெளிக் கராஜுகளுக்கு வழங்குவதையும் நிபந்தனையாக்கலாம். எழுத்துமூல மதிப்பீட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் கொடுக்குமாறும், கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கையளிக்குமாறும் அதிகார சபை பணிப்புரை விடுக்கலாம். தோட்டப்புற மக்களின் வாக்குகளால் பாராளுமன்றம் சென்றவர்கள் இதனை அங்கு எழுப்பலாம்.

அதுவரை லொறி உரிமையாளர்கள் கையாளக்கூடிய வழிகளும் சில உண்டு. கோளாறு எப்போது, எத்தனை கிலோ பாரத்துடன், எந்த ஏற்றத்தில் ஏற்பட்டது என்பதை எழுதிக் கொடுத்து, அதன் பிரதியில் வேலைத்தளத்தின் இறப்பர் முத்திரையைப் பெற்றுக்கொள்ளவேண்டும். பாரத்துடன் ஓட்டிப் பார்க்கும்வரை வாகனத்தைப் பொறுப்பேற்கக்கூடாது. பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, தாமதிக்காமல் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அறிவித்து, எழுத்திலும் முறையிடவேண்டும். பிரதேசத்திலுள்ள மத்தியஸ்த சபையையும் நாடலாம். அங்கு சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் தேவையில்லை. தனியொருவர் முறையிட்டால் கோப்பு தூசு படியும். ஒரே வகை லொறியில் ஒரே கோளாறுக்கு ஆளான இருபது பேர் ஒன்றாகக் கையொப்பமிட்டு அனுப்பினால், உற்பத்தியாளர் வரை அந்தக் கடிதம் செல்லும்.

எஹலியகொடையிலிருந்து பலாங்கொடை வரை கொழுந்து சேகரிப்போருக்கும், தெரணியகலையிலிருந்து மாவனல்லை வரை சரக்கு ஏற்றுவோருக்கும் இன்று பொதுவான சங்கம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோவில் பரிபாலன சபைகளும் தோட்டத் தொழிற்சங்கங்களும் முன்வந்தால், அத்தகைய சங்கமொன்றின் முதற்கூட்டத்துக்கு இடமளிப்பது அவர்களுக்குப் பெரிய காரியமல்ல.