அதிகாரிகளின் பதவிக்கால நீட்டிப்பு: கேடயம் தூண்டிலாக மாறுகிறதா?

புது தில்லி: பிரதமரும் முதலமைச்சர்களும் இத்தனை முறைதான் பதவி வகிக்கலாம் என்று வரம்பு விதிக்க வேண்டும் என்ற குரல் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் எழுவதும், பின்னர் அடங்குவதும் இந்தியாவில் வழக்கமே. ஆனால், பதவிக்காலம் குறித்த கடுமையான சட்டப் போராட்டம் இந்நாட்டில் நடைபெற்றது மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட எவரைப் பற்றியும் அல்ல. அரசால் நியமிக்கப்பட்ட ஓர் அதிகாரியைப் பற்றித்தான்.

அமலாக்கத் துறை இயக்குநராக சஞ்சய் குமார் மிஸ்ரா 2018 நவம்பரில் இரண்டு ஆண்டுகளுக்கு நியமிக்கப்பட்டார். அந்தக் காலம் முடியும் தறுவாயில், 2020 நவம்பரில், பழைய நியமன ஆணையே திருத்தப்பட்டு, 'இரண்டு ஆண்டுகள்' என்பது முன்தேதியிட்டு 'மூன்று ஆண்டுகள்' ஆக்கப்பட்டது. இதற்குள் அவர் 60 வயதைக் கடந்திருந்தார். இதனை எதிர்த்த வழக்கில் 2021 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நீட்டிப்பைச் செல்லும் என ஏற்றுக்கொண்டது. ஆனால், ஓய்வு வயதைக் கடந்தவருக்கு நீட்டிப்பு என்பது அரிதான சூழலில், குறுகிய காலத்துக்கு மட்டுமே அமைய வேண்டும் என்றும், மிஸ்ராவுக்கு இனி நீட்டிப்புக் கூடாது என்றும் தெளிவாகக் கூறியது.

இரண்டே மாதங்களில் காட்சி மாறியது. நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்க இரு வாரங்களே இருந்த நிலையில், 2021 நவம்பர் 14 அன்று இரண்டு அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டன. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையச் சட்டமும், சிபிஐ அமைப்புக்கு அடிப்படையான டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டமும் அவற்றால் திருத்தப்பட்டன. அமலாக்கத் துறை, சிபிஐ இயக்குநர்களுக்கு ஒருமுறைக்கு ஓராண்டு வீதம், மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரை நீட்டிப்பு வழங்க அரசுக்கு வழி பிறந்தது. மிஸ்ராவின் பதவிக்காலம் முடிய அப்போது சில நாள்களே எஞ்சியிருந்தன. அதன்பின் அவருக்கு இருமுறை நீட்டிப்பு வழங்கப்பட்டது.

2023 ஜூலை 11 அன்று நீதிபதிகள் பி.ஆர்.கவாய், விக்ரம் நாத், சஞ்சய் கரோல் ஆகியோர் அடங்கிய அமர்வு, அந்த இரு நீட்டிப்புகளும் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. ஜூலை 31-க்குள் அவர் விலக வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கறுப்புப் பணத் தடுப்புக்கான சர்வதேச அமைப்பின் மதிப்பாய்வைக் காரணம் காட்டி மத்திய அரசு மீண்டும் முறையிட, செப்டம்பர் 15 வரை அவகாசம் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கென வந்தவர், ஏறக்குறைய நான்கு ஆண்டு பத்து மாதங்களுக்குப் பிறகே விடைபெற்றார்.

இந்தத் தீர்ப்பில் பலர் கவனிக்கத் தவறிய பகுதி ஒன்று உண்டு. மிஸ்ராவுக்கு வழங்கிய நீட்டிப்பு செல்லாது என்ற நீதிமன்றம், நீட்டிப்புக்கு வழிவகுத்த சட்டத் திருத்தம் செல்லும் என்றது. உயர்நிலைக் குழுவின் பரிந்துரையும் எழுத்துப்பூர்வமான காரணங்களும் தேவைப்படுவதால், அதுவே போதிய பாதுகாப்பு என்பது அமர்வின் கருத்து. அதாவது, தனிமனிதர் வெளியேறினார், வழிமுறை நிலைத்தது.

தரை கூரையான கதை

இரண்டு ஆண்டுகள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 1997-இல் வினீத் நாராயண் வழக்கில், சிபிஐ இயக்குநருக்கும் அமலாக்கத் துறை இயக்குநருக்கும் 'குறைந்தபட்சம்' இரண்டு ஆண்டுகள் பதவி உறுதி செய்யப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆட்சியாளருக்குப் பிடிக்காத விசாரணையைத் தொட்ட மறுநாளே அதிகாரி மாற்றப்படும் நிலையைத் தடுப்பதே நோக்கம். 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் மாநிலக் காவல் துறைத் தலைமை இயக்குநர்களுக்கும் இதே பாதுகாப்பு விரிவாக்கப்பட்டது. ஆக, நிலையான பதவிக்காலம் என்பது அதிகாரியைக் காக்கும் கேடயமாகவே பிறந்தது.

கேடயத்தின் வலிமை அதன் உறுதியில் இருக்கிறது. மாற்றவும் முடியாது, நீட்டிக்கவும் முடியாது என்ற நிலையில் உள்ள அதிகாரிக்கு அரசிடம் அஞ்சவோ எதிர்பார்க்கவோ எதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை நீட்டிப்பு என்று வரும்போது நிலைமை தலைகீழாகிறது. ஒவ்வொரு நவம்பரிலும் தனது எதிர்காலத்தை முடிவு செய்யப்போகும் அரசின் அமைச்சரையோ, அவரது எதிரணியினரையோ விசாரிக்கும் அதிகாரி நடுநிலையாளராகவே இருக்கலாம்; ஆனால் அவரது நடுநிலையை மக்கள் எப்படி நம்புவார்கள்? ஐந்து ஆண்டுகளை ஒரே தவணையாக வழங்கியிருந்தால் இந்த ஐயத்துக்கே இடமில்லை. தவணை முறைதான் இங்கே கோளாறு.

அனுபவம் வாய்ந்த அதிகாரியை முக்கிய வழக்குகளின் நடுவே மாற்றக் கூடாது என்ற அரசுத் தரப்பு வாதத்தைப் புறந்தள்ள இயலாது. பொருளாதாரக் குற்ற விசாரணைகள் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. எனினும், ஒருவர் இல்லாவிட்டால் ஒரு துறையே நின்றுவிடும் என்றால், அது அந்தத் துறையின் கட்டமைப்பைப் பற்றிய புகாரே அன்றி, நீட்டிப்புக்கான நியாயமாகாது.

அரசியல் சாசனத்தை வகுத்தவர்கள் இந்த நுட்பத்தை அறிந்தே இருந்தனர். தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஓய்வுக்குப் பின் மத்திய, மாநில அரசுகளின் கீழ் வேறு எந்தப் பதவியும் வகிக்க முடியாது. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத் தலைவருக்கும் இதே தடை உண்டு. தலைமைத் தேர்தல் ஆணையருக்கு இத்தகைய தடை எழுதப்படவில்லை. அவருக்கு ஆறு ஆண்டுகள் அல்லது 65 வயது வரை என்று சட்டம் கூறினாலும், 1990 முதல் 1996 வரை பதவி வகித்த டி.என்.சேஷனுக்குப் பிறகு அந்த ஆறு ஆண்டுகளை முழுமையாக நிறைவு செய்தவர் எவரும் இல்லை. வயது வரம்பை நெருங்கியவர்களையே நியமிப்பதன் விளைவு இது. அளவுக்கு மீறி நீட்டிப்பது ஒரு வழி என்றால், அளவுக்கு மீறிச் சுருக்குவது மற்றொரு வழி.

வாக்காளரே வரம்பு

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் நிலை வேறு. அமெரிக்காவில் 1951-இல் நடைமுறைக்கு வந்த 22-ஆவது திருத்தம் அதிபரை இருமுறைக்கு மேல் தேர்ந்தெடுக்கத் தடை விதிக்கிறது. அங்கே அதிபரை இடையில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் வீழ்த்த முடியாது. இங்கே பிரதமரின் பதவி மக்களவையின் நம்பிக்கை நீடிக்கும் வரை மட்டுமே. சிக்கிமில் பவன் குமார் சாம்லிங் 24 ஆண்டுகளுக்கு மேல் முதல்வராக இருந்தார். 2019 தேர்தலில் தோற்றார். ஒடிஸாவில் 2000 முதல் ஆண்ட நவீன் பட்நாயக்கை 2024-இல் வாக்காளர்கள் விடுவித்தனர். குடியரசுத் தலைவர் பதவிக்கு மறுதேர்தல் ஒருமுறை மட்டுமே என்று அரசியல் சாசன வரைவில் இருந்த கட்டுப்பாட்டைக்கூட அரசியல் நிர்ணய சபை நீக்கிவிட்டது. ஆனாலும் இருமுறை அப்பதவியில் அமர்ந்தவர் ராஜேந்திர பிரசாத் ஒருவரே.

ஒரு முரண் இங்கே உண்டு. இந்தியாவில் நடைமுறையில் பதவிக்கால வரம்பைச் சந்திப்பவர்கள் ஊராட்சித் தலைவர்களே. இடஒதுக்கீடு சுழற்சி முறையில் மாறுவதால், பெண்களுக்கோ பட்டியலினத்தவருக்கோ ஒதுக்கப்பட்ட இடத்தில் வென்று, நிர்வாகம் பழகிய ஒருவர், அடுத்த சுற்றில் அந்த ஒதுக்கீடு விலகும்போது பெரும்பாலும் களத்திலிருந்தே ஒதுங்க நேரிடுகிறது. தமிழகத்தில் இரண்டு பதவிக்காலத்துக்கு ஒருமுறை சுழற்சி என்ற திருத்தம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதிகாரப் படிக்கட்டின் அடியில் இருப்பவருக்கு மட்டும் வரம்பு. உச்சியில் இருப்பவருக்கு இல்லை.

2021-இல் திருத்தப்பட்ட சட்டப் பிரிவுகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. 2023 மே மாதம் இரண்டு ஆண்டுகளுக்கு நியமிக்கப்பட்ட சிபிஐ இயக்குநர் பிரவீன் சூத்துக்கு, 2025 மே மாதம் மேலும் ஓராண்டு வழங்கப்பட்டது.