எட்டுப் பாட்டுகள் சொல்லும் பாடம்

காளிகாட், லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு வங்காளப் பாட்டு என்றால் ரவீந்திர சங்கீதம் தெரியும். பாவுல் பாட்டும் கொஞ்சம் தெரியும். 'மொகினேர் கோராகுலி' என்று சொன்னால் பெரியவர்களில் பலர் விழிப்பார்கள். ஆனால் கல்லூரிக்குப் போகும் பேரன் பேத்திகளைக் கேளுங்கள். உடனே பாடிக் காட்டுவார்கள். அந்தக் குழுவின் கதையில் நம் சங்கத்துக்கு ஒரு பாடம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

1975 வாக்கில் கௌதம் சட்டோபாத்யாயும் நண்பர்களுமாக ஏழு பேர் இந்த ஊரில் ஆரம்பித்த ராக் இசைக் குழு அது. பெயருக்கு 'மொகினின் குதிரைகள்' என்று பொருள். ஜீவனானந்த தாஸின் கவிதையிலிருந்து எடுத்தது. கிடாரும் வயலினும் வாசித்தார்கள். மெட்டில் மேல்நாட்டு ராக்கும் பாவுலும் கலந்திருந்தன, வார்த்தைகளோ வங்காளி. 1977, 1978, 1979 என்று வருடத்துக்கு ஒன்றாக மூன்று இசைத்தட்டுகள் வந்தன. மூன்றிலும் சேர்த்து எட்டே பாட்டுகள். அன்று பெரிய வரவேற்பு இல்லை. 1981ல் குழு கலைந்தது. அவரவர் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

கதை அதோடு முடியவில்லை. இசைத்தட்டுகள் இருந்தன அல்லவா? அடுத்த தலைமுறை அவற்றைத் தேடிப் பிடித்துக் கேட்டது. 1995 கல்கத்தா புத்தகக் கண்காட்சியில், 'மீண்டும் இருபது வருடம் கழித்து' என்ற பொருள்படும் பெயரில் கௌதம் ஒரு தொகுப்பை வெளியிட்டார். அதில் இளைஞர்களைப் பாட வைத்தார். உலகம் டெலிவிஷன் பெட்டிக்குள் சுருங்கிப் போவதைப் பற்றி அதில் ஒரு பாட்டு உண்டு. அதன் மெட்டுதான் 2006ல் 'கேங்ஸ்டர்' ஹிந்திப் படத்தில் 'பீகீ பீகீ' என்று தேசம் முழுக்க ஒலித்தது. கௌதம் அதைக் கேட்க இல்லை, 1999லேயே காலமாகிவிட்டார். இன்று வங்காளத்தில் ராக் பாடும் குழுக்கள் எல்லாம் இவர்களைத்தான் முன்னோடி என்கின்றன.

ரயில்வேயில் ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு. பார்த்ததை அதில் எழுதாவிட்டால், பார்க்காததற்குச் சமம். பாட்டும் அப்படித்தான். அந்த எட்டுப் பாட்டுகள் தட்டில் ஏறாமல் போயிருந்தால் பின்னால் வந்தவர்கள் எதைத் தேடியிருப்பார்கள்?

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் சென்னையிலிருந்து பாடகர்களை வரவழைக்கிறோம். நல்லதுதான். ஆனால் இங்கேயே பிறந்து, வெளியில் வங்காளியும் வீட்டில் தமிழுமாக வளர்ந்த நம் பிள்ளைகள், கிடாரை வைத்துக்கொண்டு தமிழில் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறார்கள். அவர்களுக்கு மேடையில் கிடைப்பது, பிரமுகர் வரத் தாமதமானால் ஐந்து நிமிஷம். அந்தப் பாட்டை யாரும் பதிவு செய்து வைப்பதுமில்லை.

"கிடார் சத்தம் நம் பண்பாடா?" என்று சில அன்பர்கள் கேட்கிறார்கள். வயலினும் மேற்கிலிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். இன்று அது இல்லாத கச்சேரி உண்டா? வாத்தியம் எதுவாகவும் இருக்கட்டும். டிராம், மழைவெள்ளம், காளிகாட் சந்து இவற்றைப் பற்றி நம் பிள்ளை தமிழில் பாட நினைக்கிறானே, அதல்லவா பெரிது! அதைத் தட்டிக் கழித்தால் நாளைக்கு அவன் வங்காளியிலோ இங்கிலீஷிலோ பாடிக்கொள்வான். நஷ்டம் நமக்குத்தான்.

ஆகவே நிர்வாகக் குழுவுக்கு என் யோசனை இதுதான். வருகிற பொங்கல் விழாவில் அரை மணி நேரத்தை நம் பிள்ளைகளின் சொந்தப் பாட்டுக்கு ஒதுக்குங்கள். அதை ஒழுங்காக ஒலிப்பதிவு செய்து, எழுதியவர் பெயரும் தேதியும் குறித்து, சங்க நூலகத்தில் இரண்டு பிரதி வையுங்கள். எட்டுப் பாட்டு தேறினால்கூடப் போதும்.