கண்ணுக்குக் கீழே கருவளையம், கடையிலே கன்சீலர்!

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கத்துப் படிப்பகத்தில் ஏடுகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். தாராவி தொண்ணூறடிச் சாலைப் பக்கத்திலிருந்து வந்த தங்கை ஒருவர், சுண்டுவிரல் அளவே உள்ள ஒரு சிறு குழாயை மேசைமேல் வைத்தார். “அண்ணாச்சி, நம்ம ஏட்டுல இதைப் பத்தியும் எழுதுங்க. முந்நூத்தி அறுபது ரூபா தண்டமாப் போச்சு” என்றார்.

அந்தக் குழாயில் இருந்தது கன்சீலர் என்னும் பூச்சு. முகத்தில் உள்ள தழும்பு, கண்ணுக்குக் கீழே விழும் கருவளையம் ஆகியவற்றை மறைப்பதற்காக விற்கப்படுவது.

அருகிலிருந்த பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். “குடிசைக்குப் பட்டா இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, முகப்பூச்சைப் பற்றியா அரசியல் ஏட்டில் எழுதுவது?” என்று கேட்டார். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஓர் உழைப்பாளிப் பெண்ணின் ஏறத்தாழ ஒரு நாள் சம்பளம் எங்கே போயிற்று, ஏன் போயிற்று என்று கேட்பது அரசியல்தான். ஆகவே எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். தங்கை ஒரு மாலில் உள்ள துணிக்கடையில் விற்பனைப் பெண். “முகம் களைத்துத் தெரிகிறது, மேக்கப் போட்டுக்கொண்டு வா” என்று மேற்பார்வையாளர் இரண்டு முறை சொல்லிவிட்டார். மூன்றாவது முறை சொல்லும்வரை காத்திருக்க முடியுமா? சம்பள நாளன்று ஓர் அழகுப்பொருள் கடைக்குப் போனார். விற்பவர் புறங்கையில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். கடையின் விளக்கொளியில் அழகாகவே இருந்தது. மறுநாள் பூசிக்கொண்டு, மின்சார ரயிலில் நசுங்கி, வியர்த்து, வேலைக்குப் போய், இரவு வீடு திரும்பினால், வாசலிலேயே தாயார் கேட்டாராம்: “ஏ புள்ள, கண்ணுக்குக் கீழ எதுக்குத் துன்னூறு பூசியிருக்க?”

பூச்சு சாம்பல் நிறமாகி, கண்ணின் ஓரச் சுருக்கங்களில் திரண்டு, கோடு கோடாக வெடித்திருந்தது. மறைக்க வேண்டியதை அது மறைக்கவில்லை, எடுத்துக் காட்டியது. திருப்பிக் கொடுக்கப் போனால், “திறந்த பொருளை வாங்க மாட்டோம்” என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

நம் தோலுக்காகச் செய்யப்படாதது

சுவருக்கு வர்ணம் அடிக்கும் நம் தோழர்களைக் கேளுங்கள். கரி படிந்த சுவரில் ஒரே பூச்சாகச் சுண்ணாம்பு அடித்தால் வெள்ளையாகவா தெரியும்? சாம்பலாகத்தான் தெரியும். கன்சீலரும் அவ்வாறே. இதன் அடிப்படைப் பொருள்களில் ஒன்று டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெள்ளை நிறமி. அதனோடு மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிற இரும்பு ஆக்சைடுகளைக் கலந்து தோலின் நிறத்துக்கு ஏற்பச் செய்கிறார்கள். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் வெள்ளையைக் குறைத்து, மஞ்சளும் சிவப்பும் கூட்டிச் செய்ய வேண்டும். அவ்வாறு செய்யாத வெளிர்ப் பூச்சைக் கருவளையத்தின்மேல் தடவினால் சாம்பல்தான் மிஞ்சும்.

கடைத்தட்டில் உள்ள பெயர்களைப் பாருங்கள். ஐவரி, பீஜ், சாண்ட் என்று வரிசையாக வெளிர் நிறங்கள். ஐவரி என்றால் யானைத் தந்தம். தந்த நிறத்து முகம் நம் தெருவில் எத்தனை பேருக்கு இருக்கிறது? நம் நிறத்துக்கு வரும்போது ஒன்றோ இரண்டோ குழாய், அதுவும் பல நேரங்களில் “ஸ்டாக் இல்லை.”

“கருநிறத்தவர்க்குச் செய்தால் விற்காது” என்பது முதலாளிகள் நெடுங்காலம் சொல்லிவந்த சாக்கு. அது பொய் என்பது 2017ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. பார்படாஸ் தீவில் பிறந்த கறுப்பினப் பாடகி ரிஹானா, அந்த ஆண்டு ஃபென்டி பியூட்டி என்ற பெயரில் 40 நிறங்களில் முகப்பூச்சை வெளியிட்டார். கருநிறப் பூச்சுகள் கடைகளில் விற்றுத் தீர்ந்தன. அதன் பிறகே பெரிய நிறுவனங்கள் பலவும் தங்கள் நிற வரிசையை நீட்டின. அவர்களுக்குக் குறைவாக இருந்தது வாங்குவோர் அல்ல. நம்மைப் பற்றிய மதிப்பு.

கிராமுக்கு அறுபது ரூபாய்

அந்தக் குழாயின் எடை 6 கிராம். விலை 360 ரூபாய். கிராமுக்கு 60 ரூபாய். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 60,000 ரூபாய்! இரவு இரண்டு மணிக்கு எழுந்து மாவாட்டி, இட்லி அவித்து, விடியுமுன் சைக்கிளில் ஏற்றி அனுப்பும் நம் தாய்மார்கள், 60,000 ரூபாய் சம்பாதிக்க எத்தனை இட்லி அவிக்க வேண்டும் என்பதை அவர்களே கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

இதோடு செலவு முடிவதுமில்லை. வெறும் கன்சீலர் சாம்பலாகத் தெரிந்தால், அதற்கு அடியில் ஆரஞ்சு நிறத் திருத்தப் பூச்சு ஒன்று பூச வேண்டுமாம். அது திரளாமல் இருக்க மேலே ஒரு பவுடர். இரவில் கழுவ இன்னொரு திரவம். ஒரு குழாய் சரியில்லை என்றால் அடுத்த குழாயை வாங்கு என்பதே வாணிபத்தின் மந்திரம். வாங்கியதை நீண்ட நாள் சேமித்தும் வைக்க முடியாது. குழாயின் பின்புறம் திறந்த டப்பா போன்ற படமும் அதில் “12எம்” என்ற எழுத்தும் இருந்தால், திறந்த 12 மாதங்களுக்குள் பயன்படுத்த வேண்டும் என்று பொருள். கண்ணருகே பூசுவதாகையால் பழைய குழாயால் தொற்று வரவும் வாய்ப்புண்டு.

மறைக்கச் சொல்வது எதை?

இப்போது முதன்மையான கேள்விக்கு வருவோம். அந்தத் தங்கையின் கண்ணுக்குக் கீழே கருவளையம் எப்படி வந்தது?

காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழ வேண்டும். பொதுக் கழிப்பறையில் வரிசை. பிறகு ரயிலில் நின்றபடி பயணம். கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக்கூடாது. கடை மூடி, துணிகளை மடித்துவைத்து, வீடு சேர இரவு பதினொன்று. சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிப் படுக்கப் பன்னிரண்டு. ஐந்து மணி நேரத் தூக்கம். கண்ணுக்குக் கீழுள்ள தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. தூக்கம் கெட்டால் முதலில் தெரிவது அங்கேதான்.

இரத்தசோகை இருந்தாலும் முகம் வெளிறிக் கருவளையம் எடுப்பாகத் தெரியும். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். நூற்றுக்கு ஐம்பத்தேழு பேர்! சிலருக்குக் கருவளையம் பரம்பரையாக வருவது. சிலருக்கு ஒவ்வாமையால் கண்ணைக் கசக்குவதால் வருவது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தூக்கமின்மையாலும் சோகையாலும் வருவதைக் களிம்பு தீர்க்காது. வேலை கொடுத்தவரே உறக்கத்தைப் பறித்துக்கொண்டு, அதன் அடையாளத்தை உன் காசில் மறைத்துக்கொண்டு வா என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

அடுத்த படியில் உள்ள ஆபத்து

கன்சீலராவது கழுவினால் போய்விடும். அது பயன்படவில்லை என்று சலிப்பவர்களை, “இதைப் போடு, நிறமே மாறும்” என்று சிவப்பழகுக் களிம்புகள் இழுத்துக்கொள்கின்றன. ஃபேர் அண்ட் லவ்லி 1975ஆம் ஆண்டு இந்தியச் சந்தைக்கு வந்ததும், கறுப்பாக இருந்தால் வேலையும் வரனும் அமையாது என்ற விளம்பரங்கள் நம் வீடுகளில் ஓடியதும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கருநிறத்தைத் தாழ்த்திக் காட்டும் விளம்பரம் கூடாதென்று, விளம்பரத் துறையின் தன்னாட்சி அமைப்பே 2014இல் நெறிமுறை வகுக்க வேண்டியதாயிற்று. 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு, நிறவெறிக்கு எதிராக உலகமே கொதித்தபோது, அந்தக் களிம்பு குளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயரை மாற்ற 45 ஆண்டுகள்!

இவற்றைவிடக் கொடியவை, தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லாமல் சந்துக் கடைகளில் விற்கும் களிம்புகள். சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. தோலில் நிறமி உண்டாவதைத் தடுப்பதால் முதலில் வெளுத்ததுபோல் தோன்றும். உள்ளே சிறுநீரகம் கெடும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் ஓர் அரிய வகை இருந்தது. அந்தப் 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். வேறு சில களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது தோலை மெலியச் செய்யும். கண்ணருகே தொடர்ந்து பூசினால் கண்ணின் அழுத்தம் உயரும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் மத்திய அரசு ஆணையிட்டது. சீட்டைக் கேட்காமலே எடுத்துக்கொடுக்கும் கடைகளை நாம் அறிவோம், நீங்களும் அறிவீர்கள்.

நாம் சொல்வது

பூசாதே என்று எந்தப் பெண்ணுக்கும் நாம் கட்டளையிடவில்லை. உழைத்துச் சம்பாதிக்கும் பெண் கண்ணாடி முன் நின்றால் “மினுக்குகிறாள்” என்று பேசும் ஆண்களை நாம் ஏற்பதும் இல்லை. விரும்பிப் பூசுவது அவரவர் உரிமை. விருப்பமில்லாதவரை வேலையைக் காட்டிப் பூசவைப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

வாங்க விரும்பும் தங்கையர் ஏமாறாமல் இருக்கச் சில சொற்கள்: புறங்கையில் பூசிப் பார்க்காதீர்கள்; முகத்தில், தாடை ஓரத்தில் பூசிப் பாருங்கள். உடனே பணம் கொடுக்காதீர்கள். கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். முகத்து எண்ணெயோடு கலந்து நிறம் மாறுகிறதா என்பது அப்போது தெரியும். பூசிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். தயாரித்தவர் முகவரி, விலை, எடை, காலாவதி நாள் அச்சிடப்படாத பொருளைத் தொடாதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம்.

சங்கத்தின் முன் நாம் வைக்கும் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, பணியாளர் மேக்கப் போட்டு வரவேண்டும் என்று சொல்லும் நிறுவனம், சீருடையைப் போல அதையும் தன் செலவில் கொடுக்க வேண்டும். இரண்டாவது, கடைப் பணியாளருக்கு உட்கார இருக்கை வேண்டும். கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் இதைச் சட்டமாக்கின. நம் பெண்கள் நிற்கும் மும்பைக் கடைகளிலும் நாற்காலி வரவேண்டும். மூன்றாவது, நம் பகுதிப் பெண்களுக்கு இரத்தப் பரிசோதனை முகாம் ஒன்றைச் சங்கம் மாநகராட்சி மருத்துவர்களைக் கொண்டு நடத்த வேண்டும். 360 ரூபாய்க்குக் குழாய் வாங்குமுன், உடம்பில் இரத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதை நம் தங்கையர் அறிந்துகொள்ளட்டும்.

அந்தக் குழாய் இன்னமும் நம் படிப்பக மேசையில்தான் இருக்கிறது. அடுத்த மாதர் கூட்டத்தில் எல்லோரும் பார்ப்பதற்காக வைத்திருக்கிறோம். துணிக்கடை, நகைக்கடை, அழகு நிலையம் என்று முகத்தைக் காட்டி வேலை செய்யும் தங்கையர் அனைவரும் வரவேண்டும். அவரவர் கடையில் என்ன சொல்லப்படுகிறது, எத்தனை மணி நேரம் நிற்கவைக்கப்படுகிறது, எதற்கெல்லாம் சம்பளத்தில் கை வைக்கப்படுகிறது என்பதைக் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னால் அது புலம்பல். ஐம்பது பேர் சொன்னால் அது கோரிக்கை மனு. மனுவை எழுத நாம் இருக்கிறோம். பேச நீங்கள் வாருங்கள்.