சான் சானுக்கு நிரந்தரக் கொத்தனார் வேண்டும்

பெருவுக்குப் போகும் வெளிநாட்டவர்களில் பலர் மச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். மலையுச்சி, தவழும் மேகம், கத்தி நுழையாத அளவுக்குப் பொருந்திய கல் என்று படம் எடுக்க அங்கே எல்லாமே இருக்கிறது. அதே நாட்டின் வடக்குக் கடற்கரையில், ட்ருஹியோ நகரத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, அமெரிக்கக் கண்டத்திலேயே மிகப் பெரிய பழங்கால மண் நகரம் கிடக்கிறது. பேருந்தின் ஜன்னல் வழியே பார்ப்பவருக்கு அது நகரமாகவே தெரியாது. மழையில் கரைந்த மண்மேடுகள் வரிசையாகத் தெரியும், அவ்வளவுதான். வாஞ்சாக்கோ கடற்கரைக்குப் போகும் நெடுஞ்சாலை இந்த இடிபாடுகளை ஊடறுத்துத்தான் ஓடுகிறது.

சான் சான் என்ற இந்த நகரம் சிமூ அரசின் தலைநகரம். ஏறத்தாழ பொ.ஆ. 900 முதல் 1470 வரை தழைத்த அந்த அரசு, தன் உச்சத்தில் பசிபிக் கரையோரமாக சுமார் 1,000 கிலோமீட்டர் நீண்டிருந்தது. தலைநகரின் பரப்பு மட்டும் 20 சதுர கிலோமீட்டர். குடிமக்கள் 30,000 பேர் என்போர் உண்டு, 60,000 என்போரும் உண்டு. 1470 வாக்கில் இன்காக்கள் படையெடுத்து வென்று, கடைசி மன்னன் மின்சாங்கமானையும் நகரத்தின் பொற்கொல்லர்களையும் குஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். பின்னால் வந்த ஸ்பானியர்கள் கல்லறைகளைச் சுரங்கம் என்று பதிவு செய்துகொண்டு, ஐந்தில் ஒரு பங்கை அரசருக்குக் கட்டிவிட்டுத் தோண்டினார்கள். புதையல் வேட்டைக்கு உரிமம் கொடுத்து வரி வாங்கிய நிர்வாகம் அது.

நகரத்தின் நடுவில் கோட்டைபோல் மதில் சூழ்ந்த அரண்மனை வளாகங்கள் உள்ளன. எண்ணுபவரைப் பொறுத்து ஒன்பது அல்லது பத்து. சில இடங்களில் மதில் 9 மீட்டர் உயரம் இருந்தது. அடியில் அகன்று மேலே குறுகிப் போகும் மதில்கள், வடக்குப் பக்கம் ஒரே ஒரு வாசல். உள்ளே முற்றங்கள், ப வடிவில் கட்டிய சிறு அறைகள், வரிசை வரிசையாகக் கிடங்குகள், நிலத்தடி நீரைத் தொடும்வரை தோண்டிய ஆழமான குளம், மன்னனைப் புதைத்த மேடை. 1969 முதல் மைக்கேல் மோஸ்லி, கேரல் மேக்கி ஆகியோர் தலைமையில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வுதான் இந்த அமைப்பைத் தெளிவாக்கியது. ஒரு மன்னன் இறந்ததும் அவனுடைய அரண்மனையும் வருமானமும் அவன் உறவினர் கூட்டத்துக்கே போய்ச் சேர்ந்தன, அடுத்து வந்தவன் தனக்கென்று புதிதாகக் கட்டிக்கொண்டான் என்பது அந்த ஆய்விலிருந்து கிளைத்த ஒரு கருத்து. இதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. ஏற்றுக்கொண்டால், நம் ஊர்க் கோயிலுக்கு மானிய நிலம் எழுதிவைத்ததைப்போல, செத்த ராஜாவின் வீட்டைப் பார்த்துக்கொள்ள சிமூக்கள் நிரந்தரமாக ஆளும் வருமானமும் ஒதுக்கிவைத்தார்கள் என்றாகிறது. சான் சானைக் காப்பாற்றுவது பற்றிய இன்றைய வாதங்களில் அதிகம் அடிபடாத விஷயம் இதுதான்.

வளாகங்களில் பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது நிக் ஆன். ஸ்விஸ் பயணி சூடியின் பெயரால் நெடுங்காலம் அழைக்கப்பட்ட அரண்மனை அது. பெரிய சடங்கு முற்றத்தைத் தாண்டி நடந்தால், இரண்டு பக்கமும் மண்ணில் செதுக்கிய மீன்களும் கடற்பறவைகளும் வரிசையாக நிற்கும் நடைவழி வருகிறது. அப்பால், மீன்வலையைப் பிரித்து மாட்டியதுபோலச் சாய்சதுர ஓட்டைகள் விட்டுக் கட்டிய சுவர்கள். வெயில் சாயும்போது அந்த ஓட்டைகளின் நிழல் எதிர்ச்சுவரில் விழுந்து இன்னொரு வலை விரிகிறது. குனிந்து அடிச்சுவரைப் பார்த்தால் வேறு கதை தெரியும். கணுக்கால் உயரம்வரை வெள்ளையாக உப்புப் பூத்து, மேற்பூச்சு பொரிந்து, உள்ளே இருக்கும் பச்சைச் செங்கல் மாவாக உதிர்ந்துகொண்டிருக்கிறது.

மீன்களில் ஒரு வரிசை ஒரு பக்கமும் மற்றொன்று எதிர்ப்பக்கமும் நீந்துவதைக் காட்டி, ஒன்று குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம், மற்றது சூடான எல் நினோ நீரோட்டம் என்று வழிகாட்டிகள் விளக்கம் சொல்கிறார்கள். சிமூக்கள் எழுத்து எதையும் விட்டுச்செல்லவில்லை என்பதால் மறுத்துச் சொல்ல ஆளில்லை. ஆனால் அதில் உள்ள அறிவியல் சரிதான். தெற்கிலிருந்து வரும் குளிர் நீரோட்டத்தால் அந்தக் கரை பாலைவனமாக இருக்கிறது. பல ஆண்டுகள் தூறலைத் தவிர வேறு மழை கிடையாது. சுடாத செங்கல்லில் ஒரு தலைநகரத்தையே கட்டும் துணிச்சல் அதனால்தான் வந்தது. சூடான நீர் கரையை நெருங்கும் ஆண்டுகளிலோ வானம் பிளந்து கொட்டுகிறது. 1925, 1982-83, 1997-98, 2017 என்று ட்ருஹியோக்காரர்கள் அந்த ஆண்டுகளை நினைவில் வைத்திருக்கிறார்கள். 2017 மார்ச் மாதத்தில் சான் இல்டெஃபோன்சோ ஓடையிலிருந்து சேற்று வெள்ளம் திரும்பத் திரும்ப இறங்கி நகரத் தெருக்களில் ஓடியது. 2023 மார்ச்சில் யாக்கு புயல் மறுபடியும் அந்தக் கரையை நனைத்தது.

சான் சானை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது 1986-ல். அதே ஆண்டிலேயே ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலிலும் சேர்த்தது. பிறந்த நாளிலேயே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன இடம் இன்றுவரை வெளியே வரவில்லை. இடையில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. மண் கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய சர்வதேசப் பயிற்சிகள் 1996-லும் 1999-லும் அங்கேயே நடந்தன. பாதுகாப்புக்கான முழுமைத் திட்டத்தை 2000-ல் அரசு ஏற்றது. ஆக்கிரமிப்புகளை அகற்றச் சட்டமும் உண்டு. சிற்பச் சுவர்களுக்குமேல் கூரை போட்டார்கள், வடிகால் வெட்டினார்கள், மதில்களின் தலையில் புதிய மண்ணால் தொப்பி வைத்தார்கள், கள்ளிச்சாறு கலந்த நீரைச் சிற்பங்களில் தடவி இறுக்கினார்கள்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்த வேலைகளில் பெரும்பகுதி மழை வரப்போகிறது என்ற எச்சரிக்கையோடு சூடுபிடிக்கிறது. 1997-ல் எல் நினோ முன்னறிவிப்பு வந்ததும் அவசர அவசரமாகக் கூரைகளும் வடிகால்களும் வந்தன. அவசர நிதி, அவசர ஒப்பந்தம், அவசரத் தார்ப்பாய். மழை நின்றால் அவசரமும் முடிந்தது. ஆனால் மண்சுவரைத் தின்பதில் மழை பாதிதான், மீதிப் பாதி தினசரி நடக்கிறது. கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து பூசுகிறது. குளிர்காலப் பனிமூட்டம் அதைக் கரைத்து உள்ளே இறக்குகிறது. வெயில் ஏறினால் உப்பு மறுபடி படிகமாகி மண்ணைப் பிளக்கிறது. கீழிருந்து ஓதம் ஏறுகிறது. அடி மெலிந்த சுவர் மேல்பாரம் தாங்காமல் என்றோ ஒருநாள், மழையே இல்லாத நாளில், சாய்கிறது. அதற்கு எந்த அரசும் அவசர நிலை அறிவிக்காது.

ஓதத்தின் கதையில் ஒரு விசித்திரம் உண்டு. ட்ருஹியோ முன்பு தன் குடிநீரைக் கிணறுகளிலிருந்து இறைத்துக்கொண்டிருந்தது. சவிமோச்சிக் பாசனத் திட்டம் சாண்டா ஆற்றுத் தண்ணீரைப் பாலைவனத்தின் குறுக்கே கொண்டுவந்த பிறகு குழாய்த் தண்ணீர் கிடைத்தது, கிணறுகள் ஓய்ந்தன, சுற்றுப்புற வயல்களில் பாசனமும் பெருகியது. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. அரண்மனைகளின் பழைய குளங்களில் நீர் ஏறி, வடிகால் வெட்டி வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஊருக்கு நல்லதாக அமைந்த ஒன்று பழைய ஊருக்குக் கெடுதலாக முடிந்தது. இதில் குற்றவாளி யாரும் இல்லை. இடிபாடுகளின் ஓரத்தில் அனுமதியில்லாமல் பயிர் வைக்கும் ஏழை விவசாயியை மட்டும் வில்லனாக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு இந்தக் குழாய்த் தண்ணீர்தான் ஞாபகம் வருகிறது.

கல்லுக்கென்று வகுத்த பாதுகாப்பு முறையை மண்ணுக்கும் நீட்டியதுதான் அடிப்படைக் கோளாறு என்பது என் கருத்து. கல் கட்டடத்தைச் செப்பனிட்டு, வேலி போட்டு, பலகை வைத்துவிட்டுப் போனால் அது பல தலைமுறை நிற்கும். மண் கட்டடத்துக்கு அந்த வசதி இல்லை. பூசிக்கொண்டே இருக்கும்வரைதான் அது கட்டடம். மாலி நாட்டின் ஜென்னே நகரத்துப் பெரிய மசூதியைப் பாருங்கள். இன்றுள்ள கட்டடம் 1907-ல் எழுந்தது. ஊர் கூடி அதற்கு ஆண்டுதோறும் மண் பூசுவது ஒரு திருவிழா. சுவர்களிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகளே ஏணி, சாரம் எல்லாம். இளைஞர்கள் மண் சுமக்க, பரம்பரைக் கொத்தனார்களின் சங்கம் வேலையை நடத்துகிறது. 2009-ல் கொட்டிய ஒரு பெருமழையில் அதன் ஒரு கோபுரத்தின் மேற்பகுதி இடிந்து விழுந்தது. கை பழகிய கொத்தனார்கள் ஊரிலேயே இருந்தார்கள், திரும்பக் கட்டினார்கள்.

இதற்கு எதிர்க்கதை ஈரானில் இருக்கிறது. பாம் நகரத்து மண் கோட்டையில் ஆள் குடியிருப்பு நின்று நெடுங்காலமாகியிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அதை அழகாகச் செப்பனிட்டார்கள். 2003 டிசம்பர் 26 அன்று வந்த நிலநடுக்கத்தில் பாம் நகரமே நொறுங்கி 26,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கோட்டையும் இடிந்தது. பிற்பாடு ஆராய்ந்தவர்களில் சிலர் கவனித்தது: பழுது பார்க்காமல் விட்டிருந்த பழைய பகுதிகள் சில நின்றுவிட, புதிதாகச் செப்பனிட்ட பகுதிகள் பல உதிர்ந்திருந்தன. பழைய மண்ணும் புதிய மண்ணும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கவில்லை. தொடர்ந்து பூசிவந்த சுவருக்கும், கைவிட்டுப் பல காலம் கழித்து ஒட்டுப்போட்ட சுவருக்கும் உள்ள வேறுபாடு இது.

ஒவ்வோர் ஆண்டும் புதுமண் பூசினால் பழமை எங்கே மிஞ்சும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. நிக் ஆன் முற்றத்தைப் பார்த்து, நேற்றுக் கட்டியதுபோல் இருக்கிறதே என்று முகம் சுளிக்கும் பயணிகள் இப்போதே உண்டு. அவர்கள் பார்ப்பதில் கணிசமான பகுதி மறுசீரமைப்புதான். ஆனால் சிமூக்களே தங்கள் அரண்மனைகளை இடித்தும் மாற்றியும் கட்டிக்கொண்டே வந்தவர்கள். கைபடாத அசல் சுவர் என்ற ஒன்றை அவர்கள் விட்டுச்செல்லவில்லை. பழைய சிற்பத்தை மண்ணால் மூடிக் காத்து, அதன்மேல் தெரியும்படி புதுப்பூச்சு பூசி, எது பழையது எது புதியது என்று பலகையில் எழுதிவைத்தால் அதில் மோசடி ஏதுமில்லை. ஓட்டை விழுந்த தகரக் கூரையின் கீழ், உப்பு தின்ன, கரைந்து போகவிடுவதைவிட அது நேர்மையானது.

2017-க்கும் 2023-க்கும் இடையே ஆறே ஆண்டுகள்தான் என்னும்போது, அவசர நிதி என்ற ஏற்பாட்டுக்கே அர்த்தம் குறைகிறது. பெரு அரசு சான் சானுக்குச் செய்யக்கூடியது ஆடம்பரமானதல்ல. நூறு பேரோ இருநூறு பேரோ, சுற்றுவட்டாரத்து ஆட்களை, அங்கே பயிர் வைக்கிறவர்களையும் சேர்த்தே, ஆண்டு முழுக்கச் சம்பளத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மண் குழைக்கவும், உப்பைச் சுரண்டவும், அடிச்சுவரைப் பூசவும், வடிகாலைத் தூர்வாரவும் அவர்களுக்கு வேலை தீராது. ஆபத்துப் பட்டியலிலிருந்து எப்போது வெளியே வருவோம் என்று அதிகாரிகளைக் கேட்பதைவிட, இந்த மாதம் சம்பளப் பட்டியலில் எத்தனை கொத்தனார்கள் என்று கேட்பது பயனுள்ளது.

அப்படி ஆள் வைத்தாலும் 20 சதுர கிலோமீட்டரைப் பூசிக்கொண்டிருக்க எந்தக் கஜானாவாலும் ஆகாது. ஆகவே இரண்டு அரண்மனைகளை உயிரோடு வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றில் சிற்பமுள்ள பகுதிகளை அளந்து, படமெடுத்து, மணல் கொட்டி மூடிவிடுவதே சரி. அகழ்வாய்வாளர்கள் இதைக் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். மண்ணுக்கு மண்ணைவிடப் பாதுகாப்பான போர்வை கிடையாது. சுற்றுலா நடத்துபவர்கள் எதிர்ப்பார்கள், திறப்பு விழாவுக்கு வழியில்லாத திட்டம் என்பதால் அமைச்சர்களுக்கும் ருசிக்காது. எந்த இரண்டு அரண்மனைகள் என்பதில் தொல்லியலாளர்களே அடித்துக்கொள்வார்கள். அந்தச் சண்டையை அடுத்த எல் நினோ அறிவிப்பு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது.