நாடகம் 7 மணிக்கு, கேட் 9.30-க்கு

நாடகத்துக்குப் போவதென்றால் நீங்கள் முதலில் என்ன பார்ப்பீர்கள்? என்ன நாடகம், எந்த அரங்கம், டிக்கெட் எவ்வளவு, இதைத்தானே? நான் முதலில் பார்ப்பது எழும்பூரிலிருந்து தாம்பரம் போகிற மின்ரயில் நேரத்தை. ஏனென்றால் சனி, ஞாயிறில் எங்கள் விடுதி கேட்டை 9.30-க்குப் பூட்டிவிடுவார்கள். (மற்ற நாட்களில் 8.30. அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது உடம்புக்கு நல்லது.)

போன மாதம் ஒரு சனிக்கிழமை வகுப்பிலிருந்து எட்டுப் பேர் மியூசியம் தியேட்டருக்குக் கிளம்பினோம். ஐந்து பெண்கள், மூன்று பையன்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கும் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் அது. எட்டுப் பேரில் ஆறு பேருக்கு அதுதான் மேடையில் பார்க்கும் முதல் நாடகம்.

பையன்களுக்குத் திட்டம் போட இரண்டு நிமிஷம் ஆனது. "போலாமா?" "போலாம்." அவ்வளவுதான். எங்களுக்கு நான்கு நாள். ஐந்து வீட்டிலிருந்தும் அப்பாவோ அம்மாவோ வார்டனுக்குப் போன் செய்து சம்மதம் சொல்ல வேண்டும். என் அப்பா முதலில் கேட்டது, "நாடகமா? அது டிவியில வராதா?" ஒருவழியாக எல்லா வீட்டிலும் சரி சொன்னார்கள். நாடகம் ஒன்றேகால் மணி நேரம் என்று அறிவித்திருந்தார்கள். 7-க்கு ஆரம்பித்தால் 8.15-க்கு முடியும். கால் மணி நேரம் நடந்தால் எழும்பூர் ஸ்டேஷன். 9.10-க்குள் குரோம்பேட்டை. 9.25-க்கு கேட். ஐந்து நிமிஷம் மிச்சம்! ராக்கெட் விடுகிறவர்கள் கூட இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள் :-)

நடந்தது என்ன? 7 மணிக்குத் திரை விலகவில்லை. சிறப்பு விருந்தினர் வந்தார். பொன்னாடை. அவர் இன்னொருவருக்குப் பொன்னாடை. நினைவுப் பரிசு, போட்டோ, "இரண்டே வார்த்தை" என்று ஆரம்பித்த ஒரு பேச்சு. நாடகம் ஆரம்பித்தபோது 7.25. 8.15-க்கு நாங்கள் ஐந்து பேரும் குனிந்தபடி வரிசையை விட்டு எழுந்தோம். மேடையில் அந்த அம்மா, மகன் எழுதிய கடிதத்தை அப்போதுதான் பிரிக்கிறார். அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியாது. மறுநாள் பையன்களிடம் கேட்டோம். ஒருத்தன் ஒன்று சொன்னான், இன்னொருத்தன் வேறு சொன்னான், மூன்றாமவன் தூங்கிவிட்டானாம். மூன்று பேரும் பரோட்டா சாப்பிட்டுவிட்டு 11 மணிக்கு விடுதிக்குப் போயிருக்கிறார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

இதில் எனக்கு இரண்டு தரப்போடு சண்டை இருக்கிறது.

ஒன்று, நாடகம் போடுகிறவர்களோடு. "இளைஞர்கள் நாடகம் பார்க்க வருவதில்லை" என்று மேடைக்கு மேடை வருத்தப்படுகிறீர்கள். வந்தோமே! நாங்கள் பார்க்காமல் போன அந்த 25 நிமிஷமும் பொன்னாடைக்குப் போன 25 நிமிஷமும் ஒன்றுதான். மரியாதை செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. நாடகம் முடிந்த பிறகு செய்யுங்கள், இருக்க முடிந்தவர்கள் இருந்து கைதட்டுவார்கள். விளம்பரத்தில் ஆரம்பிக்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் போடுங்கள். ஞாயிறு மதியம் ஒரு காட்சி வையுங்கள். நியூயார்க் பிராட்வேயில் புதனும் சனியும் மதியக் காட்சி என்பது வெகுநாள் வழக்கம். சென்னையில் 3 மணி நாடகம் என்றால் எங்கள் விடுதியே காலியாகி வந்து உட்காரும்.

இரண்டாவது, கேட்டோடு. வார்டனைக் குறை சொல்ல மாட்டேன். எங்களில் ஒருத்திக்கு ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் பூட்டு யாரைக் காப்பாற்றியது? நாங்கள் நல்ல கூட்டமும் வெளிச்சமும் இருந்த அரங்கத்தை விட்டு, தெரிந்த மூன்று பையன்களையும் விட்டுவிட்டு, தனியாக இருட்டில் ஸ்டேஷனுக்கு ஓடினோம். விதி இல்லாவிட்டால் எட்டுப் பேரும் சேர்ந்தே திரும்பியிருப்போம். எழும்பூருக்கு மெட்ரோ 2018-இல் வந்துவிட்டது. சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் 2021-இல் வந்தது. ஊர் எங்களை வெளியே வா என்கிறது. கேட் மட்டும் உள்ளே போ என்கிறது.

2019-இல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு இதே மாதிரி ஒரு வழக்கு வந்தது. திருச்சூரில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில், ஃபர்ஸ்ட் ஷோ, செகண்ட் ஷோ சினிமாவுக்குப் போகக்கூடாது என்று விதி. ஆண்கள் விடுதியில் அப்படி ஒன்றும் இல்லை. நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அதற்காக நான் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. மாதம் இரண்டு முறை 11 மணி வரை லேட் பாஸ், குறைந்தது மூன்று பேராகப் போக வேண்டும், டிக்கெட்டைக் காட்ட வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறேன். நியாயம்தானே?

எங்கள் ஊர் செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். எங்கள் ஆயா பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்களோடு போய் உட்கார்ந்து, பொழுது விடிந்ததும் வெளிச்சத்தில் வீட்டுக்கு வருவாராம். பள்ளிக்கூடமே போகாத ஆயா ராத்திரி முழுக்கக் கூத்தைக் கடைசி வரை பார்த்திருக்கிறார். எம்.எஸ்ஸி. படிக்கிற பேத்தி முக்கால்வாசி நாடகம் பார்த்துவிட்டு ரயிலுக்கு ஓடுகிறேன்.

லேட் பாஸ் கேட்டு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். விடுதித் தோழிகளே, திங்கட்கிழமை மெஸ்ஸுக்கு வரும்போது பேனாவோடு வாருங்கள். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த நாடகத்தை முழுசாகப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.