சிறைவாயிலும் சபைவாயிலும்

கொடுங்குற்றத்திற்குத் தண்டனை பெற்றவர் மக்கள் பிரதிநிதியாதல் தகுமோ என்னும் வினா நம் நாட்டில் வெறும் பட்டிமன்றப் பொருளன்று. 2015ஆம் ஆண்டுத் தேர்தற்காலத்திற் கஹவத்தையில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டுக் கொலைக்காக, இரத்தினபுரி மேல் நீதிமன்றம் 2020 ஜூலை 31ஆம் நாள் பிரேமலால் ஜயசேகரவுக்கு மரண தண்டனை விதித்தது. ஐந்து நாள்களின்பின் நடந்த பொதுத் தேர்தலில் அவர் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட விருப்பு வாக்குகள் பெற்றார். செப்டெம்பரிற் சிறையிலிருந்து வந்து பாராளுமன்றத்திற் சத்தியப்பிரமாணமுஞ் செய்தார்.

மரண தண்டனைக்குள்ளானவர் வாக்காளராதற்கே தகுதியற்றவர் என்பது அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரை; அத்தகையோர் உறுப்பினராதலும் ஆகாதென்பது 91ஆம் உறுப்புரை. ஆயினும், மேன்முறையீடு நிலுவையிலிருக்கையில் அத்தண்டனை முடிந்த முடிபாகுமோ என்னும் வாதம் அவருக்கு வழி திறந்தது. 2021 ஜனவரியில் நீதிமன்ற அவமதிப்புக்காக நான்காண்டுச் சிறை பெற்ற ரஞ்சன் ராமநாயக்கவோ ஆசனத்தை இழந்தார். அவரைத் தண்டித்தது உயர் நீதிமன்றமாதலின், மேலே முறையிட இடமிருக்கவில்லை. சொல்லாற் குற்றப்பட்டவர் வெளியே, கொலைத் தீர்ப்புப் பெற்றவர் உள்ளே என்னும் காட்சியைக் கண்ட மக்கள் சட்டத்தை எங்ஙனம் மதிப்பர்?

மறுபுறமும் உண்டு. 2022 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஜயசேகரவை விடுதலை செய்தது. முதற்றீர்ப்போடு ஆசனத்தைப் பறித்திருப்பின் அநீதியாகியிருக்கும் என்பார் கூற்றைப் புறந்தள்ளுதல் இயலாது. எனினும், இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்ட உறுப்பினரின் ஆசனத்தை மேன்முறையீடு செய்தமை ஒன்றே காவாது என இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்த்தது. அதன்படி 2014இற் பதவியிழந்த ஜெயலலிதா, 2015இல் உயர் நீதிமன்றம் விடுவித்தபின் மீண்டும் முதலமைச்சரானார். ஒதுங்குதலும் மீளுதலும் ஒருங்கே இயலும் என்பதற்கு இது சான்று.

எனவே, தண்டனை பெற்றவர் அன்றே ஒதுங்குக, அவர்தம் மேன்முறையீடு குறித்த காலத்துள் விசாரித்து முடிக்கப்படுக, விடுதலையானால் மீள்க. தண்டனையை அனுபவித்து முடித்தவருக்கு ஏழாண்டுத் தடை போதும். ஆயுட்காலத் தடை வேண்டா.

ஆனால், பிரதிநிதியாகும் உரிமை வேறு, வாக்குரிமை வேறு. முன்னையது மக்கள் ஒப்படைக்கும் பொறுப்பு. பின்னையது குடிமகனின் உடைமை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் ஒரு குற்றமும் செய்யாத மலைநாட்டுத் தோட்ட மக்களை வாக்கற்றோராக்கியதைக் கண்டிச் சீமையில் வாழும் நாம் மறத்தலாகாது. ஆதலின், சிறைப்பட்டோரின் வாக்கையும் 89ஆம் உறுப்புரை பறிப்பதை மீளாய்தல் வேண்டும்.

சட்டம் கடைசிக் காவலே. கொலைவழக்கு நடந்துகொண்டிருக்கையில் வேட்புமனுவில் இடங்கொடுப்பது கட்சி. விருப்பெண்ணின்மேற் புள்ளடியிடுவது நாம். கற்றோர் அப்புள்ளடியை ஆராய்ந்து இடுவாராயின், நீதிமன்றத்துக்கு அவ்வேலை குறையும்.